வௌவால் மரத்துத் தீர்த்தம்

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு என்னை யாரும் தேடவில்லை. கொரோனா வந்ததும் தேடினார்கள். எங்கள் பழைய ஆய்வுக்கூடத்தில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள் ஃபோன் போட்டு, “சார், நீங்க வௌவாலக் கையால புடிச்சிருக்கீங்களாமே, நெஜமா?” என்று கேட்டார்கள். குரலில் மரியாதை பாதி, இந்த ஆள் எப்படி இன்னும் உயிரோடு இருக்கிறார் என்ற சந்தேகம் பாதி. எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர்கூட அந்த நாட்களில் பாத்திரத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னார். நான் வௌவாலைத் தொட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது என்றேன். “இருந்தாலும் ஜாக்கிரதையா இருந்துக்கலாம் சார்” என்றார்.

ஃபோனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன்.

என் பெயர் ஏழுமலை. சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். எண்பத்தொன்பதில், திருவண்ணாமலை தனி மாவட்டமான அதே வருடம், கால்நடை நோய் ஆய்வுக்கூடத்தில் டெக்னீசியனாகச் சேர்ந்தேன். மாவட்டமும் புதிது, நானும் புதிது. இருவருக்கும் நாற்காலி வந்து சேரக் கொஞ்ச காலம் ஆயிற்று. ஆட்டுப் புழுக்கை, மாட்டு ரத்தம், செத்த கோழி என்று பல வருடங்கள் போயின. அதில் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பண்ணையில் கோழி செத்தால், எதனால் செத்தது என்று நாங்கள் கண்டுபிடித்துச் சொல்வோம். அதற்குள் மிச்சக் கோழியும் செத்திருக்கும்.

இரண்டாயிரம் பிறந்த பிறகுதான் வௌவால் வந்தது. மலேசியாவில் பன்றிப் பண்ணைகளில் ஆரம்பித்து மனிதர்களின் மூளையைத் தாக்கிக் கொன்ற ஒரு காய்ச்சல், பழந்தின்னி வௌவால்களிடமிருந்து வந்த வைரஸ் என்று தெரிந்திருந்தது. நம் ஊர் வௌவால்களிடமும் அது இருக்கிறதா என்று பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது. உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் என் திறமையைப் புகழ்ந்தார்கள். என் சர்வீஸ் முழுவதிலும் நான் பாராட்டப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

குழுவின் தலைவி டாக்டர் மீனலோசனி. ஒல்லியான அம்மாள். காட்டன் புடவை, காலில் கான்வாஸ் ஷூ. அவரிடம் என்னை முதலில் மிரள வைத்தது ஒரு சொல். எதைக் கேட்டாலும், தெரியாவிட்டால், “தெரியாது” என்பார். அரசாங்க வேலையில் அதுவரை நான் கேட்டிராத சொல் அது. எங்கள் மேலதிகாரிகள் “பார்க்கலாம்” என்பார்கள், “மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம்” என்பார்கள், ஒன்றுமில்லாவிட்டால் கோபப்படுவார்கள். இந்த அம்மாள் வணக்கம் சொல்கிற மாதிரி நிதானமாகத் தெரியாது என்பார். அதில் வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை.

வேலையில் அவர் கெடுபிடி வேறு மாதிரி. இரண்டு மூங்கில் கம்பங்களுக்கு நடுவே மெல்லிய வலை கட்டுவோம். சிக்கிய வௌவாலை நூல் நூலாகப் பிரித்து எடுத்துத் துணிப்பையில் போட வேண்டும். வலை அறுந்தால் பரவாயில்லை, இறக்கை கிழியக் கூடாது. தாடைக்குப் பின்னால் இரண்டு விரலால் பிடித்து, முழங்கைப் பக்கம் ஓடுகிற மெல்லிய நரம்பில் ஊசியால் தொட்டுச் சில சொட்டு ரத்தம் எடுப்பார். “அது நம்மளப் பாத்துத்தான் பயப்படுது மிஸ்டர் ஏழுமலை. பயந்த பிராணிதான் கடிக்கும்” என்பார். எல்லாம் முடிந்ததும் அது மாம்பழச் சாறு குடிக்கிற வரைக்கும் விடமாட்டார். எங்களுக்கு டீ வாங்க மறந்துபோகும், வௌவாலுக்குச் சாறு ஒரு நாளும் மறந்ததில்லை.

எல்லாவற்றையும் வலையில் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் இன்னொரு முறையும் உண்டு. அடி அண்ணாமலைப் பக்கம், கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு பெரிய இலுப்பை மரம். அதில் நூற்றுக்கணக்கில் வௌவால்கள் தொங்கும். அவை இரை தேடிவிட்டுத் திரும்புகிற விடியல் நேரத்தில், மரத்தடியில் பாலிதீன் ஷீட் விரித்து வைப்போம். மேலே வந்து தொங்கியதும் அவை செய்கிற முதல் காரியம் சிறுநீர் கழிப்பது. ஷீட்டில் விழுகிற சொட்டுகளை உறிஞ்சியால் எடுத்து, ரோஸ் நிறத் திரவம் உள்ள குட்டிக் குட்டி டியூப்களில் விட்டு, ஐஸ் பெட்டியில் அடுக்குவோம். வெள்ளை அங்கி, மாஸ்க், கண்ணாடி, கைக்கு இரட்டை உறை. வீட்டுக்குப் போனால் என் மனைவி தேவகி பின்கட்டில் வெந்நீர் வைத்துக் காத்திருப்பாள். குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். என்ன வேலை செய்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். எந்த மரத்தடியில் என்பதை அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கணவன் எந்த மூத்திரத்தை எங்கே பொறுக்குகிறான் என்று யார்தான் விவரம் கேட்பார்கள்?

ஒரு மாதம் நாங்கள் சாம்பிள் எடுக்கும் முறை பௌர்ணமிக்கு மறுநாள் விடியலில் வந்து விழுந்தது. சென்னையில் உட்கார்ந்து தேதி போட்டவருக்கு நிலாவைப் பற்றி என்ன கவலை? இரவெல்லாம் மலையைச் சுற்றிய ஜனம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. வெள்ளை அங்கியில் மரத்தடியில் குனிந்திருந்த எங்களைப் பார்த்துச் சிலர் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஏதோ புது மடம் என்று நினைத்திருப்பார்கள். ஒரு அம்மாள் டாக்டரின் கான்வாஸ் ஷூவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

டாக்டருக்கு ஒரு சட்டம் இருந்தது. யார் கேட்டாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், கேட்டதற்கு மேல் சொல்லக் கூடாது. வெளியூர்க்காரர் ஒருவர் என்னிடம் வந்தார்.

“சாமி, இன்னா எடுக்கறீங்க?”

“மரத்துலருந்து சொட்டுதுங்க. அத எடுக்கறோம்.”

“எடுத்து?”

“ஐஸ் பெட்டில வெச்சு பெரிய லேபுக்கு அனுப்புவோம்.”

“கவுருமெண்டா?”

“ஆமாங்க, கவர்மெண்ட்தான்.”

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நிறமில்லாத சொட்டு டியூபுக்குள் போனதும் ரோஸ் நிறமாகத் தெரிவதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அரசாங்கமே விடியற்காலையில் எழுந்து, கையுறை போட்டு, சொட்டுச் சொட்டாக எடுத்து, ஐஸில் வைத்து அனுப்புகிறது என்றால் அது என்னவாக இருக்கும்? வேறு எந்த ஊராக இருந்தாலும் விஷம் என்று நினைத்திருப்பார்கள். இது திருவண்ணாமலை.

அடுத்த மாதம் நாங்கள் போனபோது மரத்தடியில் ஷீட் விரிக்க இடமில்லை. ஜனங்கள் பாட்டிலும் டம்ளருமாக அண்ணாந்து நின்றார்கள். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த பஞ்சாட்சரம், கடை வாசலில் புது மேசை போட்டு, நிரப்பிய சிறு பாட்டில்களை வரிசையாக அடுக்கியிருந்தார். மரத்தடியில் நின்று பிடிக்க முடியாதவர்களுக்கு ரெடிமேட்.

“யோவ், அது வௌவால் மூத்திரம்னு உனக்குத் தெரியும்ல?” என்றேன்.

“நான் சொல்லாம இருப்பனா சார்? சொன்னேன். வௌவாலு மலைமேல மூலிகையா தின்னுட்டு வருது, அப்ப அதுவும் மூலிகைச் சாறுதானன்னு அவங்களே சொல்றாங்க. ஜனங்க வாயில நான் பூட்டா போட முடியும்?”

விஷயம் ஒரு பெரிய அதிகாரியிடம் போனது. எங்களைக் கூப்பிட்டார்.

“அந்த மரத்து வௌவாலுக்கு வியாதி இருக்கா, இல்லையா?”

“தெரியாதுங்க” என்றார் டாக்டர். “ரிசல்ட் வரல.”

“எப்ப வரும்?”

“அதுவும் தெரியாது.”

“அப்ப மரத்த வெட்டிப்புடலாம். பிரச்சினை முடிஞ்சுது. சட்டப்படி வௌவாலு, காக்கா எலி மாதிரி கொல்லலாம்ங்கற லிஸ்டுலதான இருக்கு?”

அது அப்போது உண்மைதான். ஆனால் டாக்டர் அசையவில்லை. “வெட்டினா அதுங்க கலைஞ்சு பல ஊருக்குப் போகும். அங்க என்ன ஆகும்னு தெரியாது.”

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “உங்க மேடத்துக்குத் தெரிஞ்சது எதுனா இருக்கா?”

வைரஸ் என்று போர்டு வைக்கவும் டாக்டர் சம்மதிக்கவில்லை. ஒன்றும் நிரூபணமாகாமல் அப்படி எழுதினால், மறுநாளே சுற்றுவட்டாரத்தில் ஒரு வௌவால் மிஞ்சாது, ஒரு மரமும் மிஞ்சாது என்றார். கடைசியில் பொதுவாக எச்சரிக்கைப் போர்டு ஒன்று வைப்பது என்று முடிவாயிற்று. புதிதாக எழுத நாளாகும் என்பதால், ஸ்டோரில் தயாராக இருந்ததை எடுத்து வந்து மரத்தில் அடித்தார்கள். ‘இங்கே சிறுநீர் கழிக்கக் கூடாது’ என்று இருந்தது. வௌவால்கள் படிக்கவில்லை. பஞ்சாட்சரம் படித்தார். “பாத்தீங்களா, புனிதமான எடம், கவர்மெண்டே போர்டு வெச்சிருக்கு” என்று எல்லோருக்கும் காட்டினார். கூட்டம் ஜாஸ்தியானது.

இந்தக் கட்டத்தில்தான் தேவகிக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாத்திரை கொடுத்தேன். குறையவில்லை, நாளுக்கு நாள் ஏறியது. தலைவலி என்று சுவரில் முட்டிக்கொண்டாள். பிறகு சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு சரளா வாசலில் வந்து நின்றாள்.

“இன்னாண்ணா, தீர்த்தம் குடுத்துமா கொறையல?”

“எந்தத் தீர்த்தம்?”

“அக்காவுக்கு முட்டி வலின்னு பௌர்ணமிக்குப் போனப்ப நான்தான் வாங்கியாந்தேன். அடி அண்ணாமலை மரத்துத் தீர்த்தம். தெனம் ஒரு மூடி குடிச்சாங்களே.”

சாமி அலமாரியில் பாட்டில் இருந்தது. பாதி காலி. ஊரெல்லாம் குடிக்கிறதே என்று ஆபீசில் கூட்டம் போட்டுப் பேசியபோது எனக்கு வந்த கவலை ஒரு மாதிரி. அந்தப் பாட்டிலைப் பார்த்தபோது வந்தது வேறு. காய்ச்சல், தலைவலி, பிதற்றல். மலேசியா பற்றி நாங்கள் படித்த தாள்களில் எழுதியிருந்தது வரிசையாக என் வீட்டுக் கட்டிலில் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் நான் விஷயத்தைச் சொன்னதும் தேவகியைத் தனி அறையில் போட்டார்கள். அந்த அறைப் பக்கம் வர எல்லோருக்கும் தயக்கம். நான்தான் நர்சுகளுக்கு இரட்டைக் கையுறை போடக் கற்றுக்கொடுத்தேன். காசு போடும் ஃபோனிலிருந்து டாக்டர் மீனலோசனியைக் கூப்பிட்டேன். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார். தேவகியின் கையைத் தன் மடியில் வைத்து, தடவிக்கொடுத்து, அவரே ரத்தம் எடுத்தார். வெளியே வந்ததும் கேட்டேன்.

“அதுதானா மேடம்?”

“தெரியாது மிஸ்டர் ஏழுமலை.”

அதுவரை அந்தச் சொல்லுக்காகவே அவரை மதித்தவன் நான். அன்று அதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. பொய்யாவது சொல்லித் தொலையுங்களேன் என்று வாய் வரை வந்தது. அவர் என்னைப் பார்த்தார். “டெஸ்ட் வர்ற வரைக்கும் உள்ள போறவங்க யாரா இருந்தாலும் முழு பாதுகாப்போடதான் போகணும். நீங்களும்தான்” என்றார். நோயாளியிடம் எதையும் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். வௌவால் மரத்துக்குப் போகிற அதே அங்கி, அதே மாஸ்க், அதே இரட்டை உறை. அறைக்குள் போவேன், கஞ்சியை வைப்பேன், சுவர் ஓரமாக நிற்பேன். தேவகி கண் திறந்து என்னைப் பார்ப்பாள், மூடிக்கொள்வாள்.

மறுநாள் பஞ்சாட்சரத்திடம் போனேன். சட்டையைப் பிடித்தேன். அவரை அடித்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

“நெஜத்தச் சொல்லு. பாட்டில்ல மூத்திரம் எவ்ளோ, தண்ணி எவ்ளோ?”

அவர் மிரண்டு போனார். “சார், அண்ணாமலையார் சத்தியமா சொல்றேன். அதுல மரத்து சொட்டு ஒண்ணுகூட கெடையாது. அத்தனியும் பின்னாடி கெணத்துத் தண்ணி. வௌவாலு பேஞ்சு எத்தினி பாட்டிலு ரொம்பும் சார்? அதுவுமில்லாம மூத்திரத்த ஜனங்களுக்குக் குடுத்து அந்தப் பாவத்த நான் கட்டிக்கணுமா?”

சட்டையை விட்டேன். கலப்படத்தைக் கேட்டுச் சந்தோஷத்தில் அழுத அரசு ஊழியன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கிணற்றுக்குப் போய்ப் பார்த்தேன். நடந்து வருகிற பக்தர்கள் வெளிக்குப் போக ஒதுங்குகிற புதர் அதற்கு மேட்டுப் பக்கம் இருந்தது. மழை பெய்தால் எல்லாம் அதில்தான் இறங்கும்.

ஓடி வந்து டாக்டரிடம் சொன்னேன். “அவர் சொன்னது உண்மையான்னு தெரியாது” என்றார். “ரத்தம் சொல்லட்டும்.” கையுறை தொடர்ந்தது. ரத்தம் சொல்ல மேலும் சில நாட்கள் ஆயின. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னிடம் அவரே வந்தார். “டைபாய்டு” என்றார். “மருந்து இருக்கு. பொழைச்சுக்குவாங்க. பாட்டில்லயும் வைரஸ் இல்ல, வேற கண்றாவி எல்லாம் இருக்கு.” பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, அவரும் கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வௌவால் ஒரு பாவமும் அறியாது. மனிதன் மனிதனுக்குக் கொடுத்த வியாதி அது.

மரத்தின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். அதை யாரும் வெட்டவில்லை. கற்பூரப் புகையும் கூட்டத்தின் கூச்சலும் தாங்காமல் வௌவால்கள் தாமாகவே வேறு எங்கோ போய்விட்டன. சொட்டு நின்றது. மரத்தில் குடியிருந்த சித்தர் கோபித்துக்கொண்டார், கவர்மெண்ட் கை வைத்ததால் வந்த வினை என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். எங்கள் சாம்பிள்களுக்கு ரிசல்ட் ரொம்ப நாள் கழித்து வந்தது. மேலும் ஆராய வேண்டும் என்று எழுதியிருந்தது. பஞ்சாட்சரம் கிணற்றுக்கு மூடி போட்டார். அதுவும் நான் போய் நின்று போட வைத்தது.

ஆனால் இதெல்லாம் பிறகு. தேவகியை டிஸ்சார்ஜ் செய்த அன்று வௌவால்கள் மரத்தில்தான் இருந்தன. டைபாய்டு என்று தெரிந்த பிறகு மரத்தைப் பற்றி எல்லாம் அவளிடம் சொல்லியிருந்தேன். ஆட்டோவில் ஏறியதும், அந்த மரத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். சுற்று வழி என்றேன். கேட்கவில்லை. அங்கே போய் இறங்கினாள். முடி கொட்டி, உடம்பு பாதியாகி, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே பார்த்தாள்.

“இதுங்களா?”

“இதுங்கதான்.”

மரத்தடியில் பாட்டிலோடு சில பெண்கள் நின்றிருந்தார்கள். தேவகி அவர்களிடம் நேராகப் போனாள். “யம்மா, வாங்காதீங்க. நான் தெனம் குடிச்சேன். சாவக் கெடந்து இப்பத்தான் எழுந்து வர்றேன். என் கோலத்தப் பாருங்க” என்றாள்.

பெண்கள் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள். அதில் ஒருத்தி, “சாவக் கெடந்தியா?” என்றாள். “இதக் குடிச்சுமா எழுந்து வந்துட்ட? பாருடி, சாவக் கெடந்தவளையே எழுப்பி உட்டிருக்கு.” சொல்லிவிட்டுத் தேவகியைக் கும்பிட்டாள். மற்றவர்களும் கும்பிட்டார்கள். ஒரு பெண் தன் பாட்டிலை நீட்டி, “உங்க கையால ஒரு தபா தொட்டுக் குடுங்கம்மா” என்றாள்.

ஆட்டோவுக்குத் திரும்பி வந்ததும் தேவகிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்தேன். ஆட்டோக்காரரும் சும்மா சிரித்தார். பிறகு அவள் சிரிப்பு நின்றது.

“ஒண்ணு கேக்கறேன், நெஜத்தச் சொல்லுங்க. ஆஸ்பத்திரில அந்த அங்கியும் மாஸ்க்குமா வந்து செவுத்தோரமா நிப்பீங்களே, ஒரு வார்த்த பேசல. இன்னா வியாதின்னும் சொல்லல. நான் இன்னா நெனச்சேன் தெரியுமா?”

“இன்னா நெனச்ச?”

“நான் செத்துட்டேன், நீங்க சாம்பிள் எடுக்க வந்திருக்கீங்கன்னு நெனச்சேன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“பயமா இருந்துச்சு தேவகி” என்றேன். “உனக்கு எதுனா ஆயிடுமோன்னு. அப்புறம், எனக்கும் வந்துடுமோன்னு.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

“ரெண்டாவதா சொன்னீங்களே, அதத்தான் கேட்டேன்” என்றாள். “மொதல்ல சொன்னது எனக்கே தெரியும்.”

பிறகு என் தோளில் சாய்ந்து, வீடு வரும்வரை தூங்கினாள்.